அப்பாவின் மழைக்கோட்டு

பாப்பாவின் அப்பாவுக்கு,

மழைக்கோட்டைக் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அனுப்பப் போவதில்லை. அது கதவுக்குப் பின்னால் நீங்கள் மாட்டிய இடத்திலேயே தொங்குகிறது. உங்கள் அண்ணன் வீட்டில் குடையா இல்லை?

பரீட்சை நெருங்குவதால் பள்ளியில் என் யோகா வகுப்பைக் கூட்டியிருக்கிறார்கள். பயம் வந்தால் மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். நேற்று பாப்பாவின் வகுப்பு. நடுவில் கொஞ்சம் பிடித்து வைக்கச் சொன்னேன். நாலு எண்ணுவதற்குள் எல்லோரும் புஸ்ஸென்று விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நம் பாப்பா மட்டும் இருபது வரை அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோரையும் கைதட்டச் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "எங்கடி கத்துக்கிட்டே?" என்று கேட்டேன்.

"வீட்லதாம்மா. நீயும் அப்பாவும் சத்தம் போட ஆரம்பிச்சா, அப்பா கோட்டுக்குள்ள போயி நின்னுக்கிட்டு மூச்சைப் பிடிச்சுக்குவேன். இப்பவும் போயி நிப்பேன்."

நான் கைதட்டச் சொன்னது இதற்குத்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்பீர்கள். சொல்லுங்கள், ஆனால் அதில் பாதி உங்களுக்கும் சேரும்.

"இப்பதான் வீட்ல சத்தமே இல்லையே, இன்னும் எதுக்குடி அங்க போயி நிக்கிறே?" என்றேன்.

"சண்டை இன்னும் முடியலையேம்மா" என்றாள்.

கோட்டை எடுக்க ஞாயிற்றுக்கிழமை நீங்களே வாருங்கள். சேர்ந்திருப்பதோ பிரிவதோ, உட்கார்ந்து தணிந்த குரலில் பேசி முடிப்போம். பிள்ளை மூச்சை விடட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா