கசகசா ரொட்டி வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம், என் தொப்பை என்னைவிட நலம்.

ஒரே ஒரு கஞ்சா சுருட்டுக்காகத் தண்டனை வாங்கினேனே, அதனால் அரசு நிறுத்திய படிப்பு உதவித்தொகை திரும்பக் கிடைக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு தடவை கூப்பிட்டுச் சிறுநீரைச் சோதிப்பார்களாம்; இரண்டிலும் போதைப்பொருள் இல்லையென்றால் பணம் வருமாம். நாற்பத்தாறு வயதில் நர்ஸ் படிக்க நான் எழுதும் பரீட்சை இது.

"கார் திருடி ஜெயிலுக்குப் போன என் ரூம்மேட்டுக்கு மட்டும் எப்படி உதவித்தொகை குடுக்கறீங்க?" என்று கல்லூரி எழுத்தர் லோர்னாவிடம் கேட்டேன்.

"ஃபாரத்துல போதை வழக்கைத்தான் கேக்குறாங்க, காசிமிர். திருட்டக் கேக்கல. வாயை மூடிட்டு கப்பைப் பிடிங்க."

நியாயமா இது?

கசகசா தின்றாலும் சோதனையில் அபின் என்று காட்டுமாம். நீங்கள் அனுப்பிய கசகசா ரொட்டி முழுவதையும் அந்தத் திருடனே தின்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்து மோந்து பார்த்தேன்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இனி வெள்ளரி ஊறுகாய் அனுப்புங்கள். எதுவும் அனுப்பாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
காசிமிர்