உங்கள் பெயர் எழுதிய அறை

என் அன்புக்குரிய பெரியக்கா,

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. லண்டன் ஹரோவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி போன வாரம் உங்களுக்கு நினைவுக் கூட்டம் வைத்தது. படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் பேசினார்கள். 'கல்வித் தாய்' என்று பட்டமும் தந்தார்கள். உயிரோடு இருந்தபோது நீங்கள் கூப்பிட்ட ஒரு கூட்டத்துக்கும் வராதவர்கள்.

நாங்கள் முதலில் குடியிருந்த சவுத்தாலில் நீங்கள் செய்ததையெல்லாம் ஒப்பித்தார்கள். ஆசியப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் கூடிவிடக் கூடாதென்று உள்ளூர்க் கவுன்சில் எங்களை பஸ்ஸில் ஏற்றித் தூரத்துப் பள்ளிகளுக்கு அனுப்பிய காலம் அது. எங்கள் தெருவிலேயே பள்ளி இருந்தது. ஏழு வயதில் நான் அதை பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு போனேன். போன இடத்திலும் எங்களுக்குத் தனி வகுப்பு, தனி மேசை. வேலை முடிந்து வந்து வீடு வீடாக ஏறி இறங்கி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, வருடக்கணக்காக மல்லுக்கட்டி அந்த பஸ்ஸை நிறுத்தியவர்களில் நீங்களும் ஒருவர். மேடையில் பேசிய யாரும் அதில் ஏறியதில்லை.

கடைசியில் ஒரு வகுப்பறைக்கு உங்கள் பெயரை வைக்கிறோம் என்றார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தி, பெயர்ப்பலகையின் திரையை விலக்கச் சொன்னார்கள். விலக்கினேன், கையும் தட்டினேன். யாருக்கான அறை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் என்றால் முதலில் கதவைத் திறந்து பார்த்திருப்பீர்கள், இல்லையா?

நான் பிறகுதான் திறந்தேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து புதிதாக வந்து, அகதி விண்ணப்பம் முடியும்வரை அரசாங்கம் கொடுத்த ஹோட்டலில் இருக்கிற குடும்பங்களின் பிள்ளைகள்.

"ஏன் பிள்ளை, நீங்கள் ஹோலுக்குக் கூட்டம் பார்க்க வரேல்லையோ?" என்று ஒரு சிறுமியைக் கேட்டேன்.

"மற்றப் பிள்ளையள் விளையாடி முடிஞ்சாப் பிறகுதான் அன்ரி எங்களை வெளியில விடுவினம்," என்றாள். முறைப்பாடாகக்கூடச் சொல்லவில்லை.

பள்ளிச் செயலாளரைப் பிடித்தேன். "அக்கா, சில தாய் தேப்பன்மார் தங்கட பிள்ளையளோட இவையை இருத்த விரும்பினமில்லை. இங்கத்தைப் பழக்கவழக்கம் வரட்டும், பிறகு சேர்ப்பம். அவையின்ர நன்மைக்குத்தானே," என்றார். அன்றைக்குக் கவுன்சில்காரன் அம்மாவிடம் சொன்ன அதே நியாயம். இப்போது அதைத் தமிழில் கேட்டேன். நான் கத்தியிருக்க வேண்டும். பொன்னாடையோடு தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், அக்கா. இந்த வெட்கத்தை யாரிடம் சொல்ல?

நேற்று அந்தச் செயலாளருக்கு போன் எடுத்தேன். "உங்களுக்கு மனவருத்தமெண்டால் பலகையைக் கழட்டி விடுறம்," என்கிறார். பலகை போகுமாம், அறை அப்படியே இருக்குமாம்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. எப்போதும் நீங்களே முன்னுக்கு நின்று, எங்களைப் பின்னுக்கு நிற்கப் பழக்கிவிட்டீர்கள். அறுபது வயதில், முதல் தடவையாக நானாகவே, இன்று அந்த ஹோட்டலுக்குப் போய்த் தாய்மாரோடு கதைத்தேன். "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, நாங்களும் வாறம்," என்றாள் ஒருத்தி.

வருகிற சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மற்றவர்களுக்கு நடுவில் இருத்துவேன். யார் வந்து என்ன சொன்னாலும் அவர்களுக்குப் பக்கத்தைவிட்டு எழும்பமாட்டேன். உங்கள் பெயர் அந்தக் கதவில் இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே ஒரு பிள்ளையும் இருக்காது.

இவ்வளவு காலமும் உங்களுக்குப் பின்னால் நின்ற தங்கை,
மனோ