படைக்காத சுண்டல்

இன்று காலை கடுகும் பெருங்காயமும் எண்ணெயில் பொரிந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. சரஸ்வதி பூஜையடி இன்றைக்கு. நீ போன பிறகு வருகிற முதல் பூஜை. இத்தாலியக் கடையில் வாங்கிய கொண்டைக்கடலை வெந்து கிடந்தது, தாளித்ததை அதில் கொட்ட எனக்குக் கை வரவில்லை.

கடல் தாண்டி வந்த இந்தப் பனி ஊரில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையில், இதே அபார்ட்மெண்டில்தானே நம் முதல் சண்டை? அறுபதுகளின் கடைசி. நீ பாளையங்கோட்டையிலிருந்து ரோமாபுரியைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருந்தாய். நான் மதராஸிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவள். தமிழில் வம்பளக்க நமக்கு வேறு நாதி கிடையாது. பூஜைக்குக் கூப்பிட்டேன். வந்தாய், ஊர்க்கதை பேசிச் சிரித்தாய். சுண்டலை நீட்டியதும் கையை மடியில் வைத்துக்கொண்டு, படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை என்றாய். எனக்குச் சுருக்கென்றது. நீ கிளம்பியதும் இவரிடம் பொரிந்து தள்ளினேன். என்ன திமிர், இனி அவள் இந்த வாசற்படி மிதிக்க வேண்டாம் என்றுகூடச் சொன்னேன்.

நீயோ அடுத்த வாரமே ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நின்றாய். சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உன் ஆராய்ச்சியே இந்தச் சண்டைதான் என்றாய். அந்தக் காலத்து ரோமாபுரியில் புதிதாகக் கிறிஸ்துவை ஏற்றவர்களைப் பக்கத்து வீட்டார் விருந்துக்குக் கூப்பிடுவார்களாம். கறி கோயிலில் பலியிட்டதாக இருக்கும். சிலையில் ஒன்றுமில்லை, சாப்பிடலாம் என்பார்கள் சிலர். தொடவே கூடாது என்பார்கள் சிலர். தொடாதவர்களைப் பார்த்து, எங்கள் தெய்வத்தை அவமதிக்கிறார்கள் என்று ஊர் கொதிக்குமாம்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி உன் தாத்தாவைப் பற்றிச் சொன்னாய். வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானவர், கோயில் கொடைத் திருவிழாச் சோற்றை வாங்க மறுத்ததற்காக, ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லையாம்.

"ஏட்டி, அவ்வளவு பாடுபட்டு அவங்க காப்பாத்துனத நான் இங்க வந்து விட்டுர முடியாது. உன் சாமி மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது."

என் கோபம் அன்றைக்கே இறங்கிவிட்டது. ஆனால் நல்ல நாளும் அதுவுமாக என் வீட்டிலிருந்து நீ வெறும் வயிற்றோடு போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் நைவேத்தியத்துக்குச் செய்ததில் உப்புக்கூடப் பார்க்க மாட்டோம். சாமிக்குக் காட்டும்வரை ஒரு பருக்கை யார் வாயிலும் படக்கூடாது. மறு வருஷம், அடுப்பிலிருந்து இறக்கியதும் முதல் கிண்ணத்தை உன் கையில் கொடுத்தேன். இவர் திகைத்துப்போய், சாமிக்கு முன்னாலா என்றார். சாமி காத்திருக்கும், அவள்தான் பஸ் பிடிக்க வேண்டும் என்றேன்.

நான் எதை மீறினேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. கிண்ணத்தைப் பிடித்தபடி கண் கலங்கி உட்கார்ந்திருந்தாய்.

"ரோமாபுரியில உன்னை மாதிரி ஒருத்தி இருந்திருந்தா, எனக்கு எழுதவே ஒண்ணும் இருந்திருக்காது."

அப்புறம் ஒரு வாய் போட்டுவிட்டு, உப்புப் பத்தவில்லை என்றாய்! உன் தயவில்தான் அன்று முதல் எங்கள் சாமிக்கு வருஷா வருஷம் உப்புச் சரியாகக் கிடைத்தது.

போன மார்ச்சில், பனி கரைவதற்குள், அந்தப் பாழும் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் சபைக்காரர்கள் பாடி அனுப்பினார்கள். எனக்குப் பாட்டுத் தெரியாது, அழத்தான் தெரிந்தது.

ஒருவழியாகத் தாளித்துக் கொட்டி முடித்ததும், கை தன்னால் முதல் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டது. இவர் பார்த்துவிட்டு, அவள் படத்துக்கு முன்னால் வையேன் என்றார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வைத்தால் படையல் ஆகிவிடுமே, நீ தொட மாட்டாயே. கொட்டவும் மனசு வரவில்லை. அதனால் விளக்கேற்றுவதற்கு முன்பே உட்கார்ந்து, உன் பங்கை நானே சாப்பிட்டேன். சாமிக்கு முன்னால் நான் சாப்பிட்டது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. இனிமேல் எல்லா வருஷமும் அப்படித்தான் சாப்பிடப் போகிறேன்.