பெட்டி மேல் என் முகம்

என் இடுப்பிலேயே வளர்ந்த தம்பி சேவியருக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள், கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உன் கம்பெனியில் மீன் வாங்குகிறவர்கள் கட்டாயம் படிக்கட்டும்.

போன வருஷம் அடையாறில் ஒரு காலேஜில், கம்பெனி ஆரம்பித்து என்ன கற்றுக்கொண்டேன் என்று பிள்ளைகளுக்குப் பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா? தோற்கப் பயப்படாதீர்கள் என்று சொன்னாயாம். எல்லோரும் கை தட்டினார்களாம். நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

பட்டினப்பாக்கத்தில் மீன் எடுத்து, கோபாலபுரம் வரைக்கும் வீடு வீடாகக் கூடையில் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். ஒரு நாள் நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"யக்கா, உன் வாடிக்கை வூடுங்களப் பத்தி சொல்லு."

"இன்னாத்த சொல்றது?"

"எந்த வூட்ல இன்னா மீன் கேப்பாங்கோ, எப்டி வெட்டணும், எல்லாத்தையும்."

"இது இன்னா ராஜாங்க ரகசியமா? எய்திக்கோ."

மூன்று நாள் சொன்னேன். மாடி வீட்டு டீச்சருக்குச் சங்கரா, தலை வேண்டாம். மூலை வீட்டு ஐயா பல் கட்டியிருக்கிறார், முள் இல்லாத மீன்தான். பச்சை கேட் வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள், ஐஸ் மீனைக் கண்ணில் காட்டக் கூடாது. ஊர்க்கதை பேசுகிற மாதிரி சிரித்துச் சிரித்துச் சொன்னேன். கம்பெனியே அதுதான் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது.

போனில் கேட்டால் பெட்டியில் மீன் வீட்டுக்கே வருகிற கம்பெனி. உன் கூடப் படித்த கார்த்திக் பணம் போட்டான். தி.நகரில் அவன் அப்பாவின் ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். அங்கே என்னைக் கூப்பிட்டுப் புதுப் புடவை கட்டச் சொல்லி, கையில் ஒரு வஞ்சிரத்தைக் கொடுத்துப் படம் எடுத்தீர்கள். "சிரிக்கா, பல்லு தெரியட்டும்" என்றாய். சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு பெட்டியிலும் ஏறியது. கீழே 'ரீத்தாக்காவின் இன்றைய மீன்' என்று எழுத்து.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் கரையில் கிடந்தன. ஐஸ் மீன் என்றால் கூடையை இறக்கும் முன்பே நானாகச் சொல்லிவிடுவேன். வேண்டும் என்றால் வாங்குவார்கள், வேண்டாம் என்றால் நாளைக்கு வா என்பார்கள். கார்த்திக் எங்கிருந்தோ ஐஸ் மீன் வரவழைத்து அதே பெட்டியில் போட்டான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நீங்கள் போட்ட சண்டையைக் கேட்டேன்.

"அக்கா மூஞ்சப் போட்டுப் பொய் சொல்றியாடா?"

"ரெண்டு மாசம்தான் மச்சி. நாம நிறுத்துனா ஜனங்க வேற ஆப்புக்குப் போயிருவாங்க."

நீ வெளியே வந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தடைக்காலம் முடிவதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. முப்பத்து நாலு வயது. அன்றைக்கு நீ அவனுக்குச் சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாயா, சேவியர்?

படகுகள் கடலுக்குப் போன பிறகும் ஐஸ் மீன் நிற்கவில்லை. அது எனக்குத் தெரியாது. நீ இல்லாத ஆபீசுக்கு நான் போகவில்லை. ரோட்டோரத்தில் பலகை போட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தேன். போன வாரம் டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கி, பெட்டியை என் முன்னால் திறந்தார். கண் குழி விழுந்து, செவுள் கறுத்துப்போன சங்கரா.

"உன் மூஞ்சியப் பாத்துத்தானே ரீத்தா வாங்கினேன். எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளா வாந்தி எடுத்துப் படுத்திருக்காரு."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். இத்தனை வருஷத்தில் என் மீனின் செவுளை அவர் ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை. நான் அனுப்பவில்லை என்று எப்படிச் சொல்வது? பெட்டி மேல் நான்தானே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நேராகத் தி.நகர் போனேன். படத்தை எடு என்றேன். கார்த்திக் ஒரு காகிதத்தை நீட்டினான்.

"அக்கா, சேவியரே எழுதிக் குடுத்திருக்கான். உங்க படம், பேரு, வாடிக்கை வீடுங்க, எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்."

"மூஞ்சி என்து. நாத்தம் புட்ச்ச மீனு யார்து நைனா?"

"அதெல்லாம் பிராண்டுக்கா."

"ஒன் மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்? பவுடர் பூசி அத்தப் போட்டு வில்லேன்."

அவன் சிரிக்கவில்லை. "படத்த எடுத்தா ஒரு மாசம் தாங்காதுக்கா. உங்க தம்பி உசுர விட்டு வளத்தது. நீங்களே அழிச்சிருவீங்களா?" என்றான்.

காகிதத்தில் உன் கையெழுத்து. எனக்குத் தெரியாதா அது? பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. உனக்கு எதை இல்லை என்றேன்? கேட்காமல் என்னை எழுதிக் கொடுக்க எப்படி மனசு வந்தது? பஸ்ஸில் வரும்போது உன்னை இழுத்து வைத்து அறைய வேண்டும் போல் இருந்தது. அறைய நீ இல்லை.

உனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. உன் பேர் சொல்ல மிஞ்சியது அந்தக் கம்பெனி ஒன்றுதான். அதை நினைத்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அப்புறம் மூலை வீடு, பச்சை கேட் வீடு. "பெட்டியில இருக்கறது நான்தான். மீனு என்து இல்ல. வாங்காதீங்க" என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டு வருகிறேன். கார்த்திக் போன் பண்ணிக் கெஞ்சுகிறான், மிரட்டுகிறான். நான் நிறுத்தவில்லை. என் கால் போகாத வீடுகளுக்குத்தான் இந்தக் கடிதம்.

உன் கம்பெனி என் கையால்தான் சாகப்போகிறது, சேவியர். கடைசி வீடு வரைக்கும் போவேன். இது சத்தியம். நானும் மேலே வந்து உன்னைப் பார்க்கும்போது முதலில் அடிப்பேன். அப்புறம்தான் அழுவேன்.

உன் கூடப் பிறந்த அக்கா,
ரீத்தா