விளம்பரதாரர் இல்லாத சைக்கிள் பந்தயம்

கோலியனூர்,
11.2.2025

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கை துர்கா மூவரும் சுகம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மல்லாட்டை பிடுங்கியாயிற்று, கடலை விளைச்சல் சுமார்தான்.

நம் சைக்கிள் சங்கத்தின் விழுப்புரம் – திண்டிவனம் சைக்கிள் பந்தயம் என்ன ஆயிற்று என்று போனில் கேட்டாயே. ஒன்பது வருடமாகச் செலவை ஏற்ற டயர் கம்பெனி இந்த வருடம் இழுத்தடித்தது. அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை, பைக் பந்தயம் நடத்துகிறவர்களுக்கும் இதே கதிதான், விளம்பரப் பணமெல்லாம் செல்போனுக்குப் போய்விட்டதாம். நம் பந்தயத்தில் ஆண்களிலும் பெண்களிலும் முதலில் வருபவர்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும், பந்தயம் நின்றால் துர்காவுக்கு வேறு வழியில்லை. செயலாளர் என்ற முறையில் நானே கம்பெனிக்கு நேரில் போனேன். புது மேனேஜர் மரியாதையாக உட்காரவைத்து, எவ்ளோ பேர் சார் பாப்பாங்க என்று கேட்டார். போன வருடம் எண்ணியதைச் சொன்னேன், இருநூற்றுப் பத்துப் பேர், அதில் பாதிப் பேர் பஸ்ஸுக்கு நின்றவர்கள். வராத பிள்ளைக்கு ஆஜர் போட்டு எனக்குப் பழக்கமில்லையே. அதோடு பேச்சு முடிந்தது. வீட்டில் துர்கா, இன்னாப்பா நீ, கணக்கு வாத்தியாரா இருந்துக்கினு ஒரு சைபர் சேர்க்கத் தெரியலியா உனக்கு என்றாள். அம்மா சிரித்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கம்பெனி இல்லாமலேயே நடத்துவது என்று முடிவு செய்தோம், ஆனால் ஆம்புலன்ஸ் இல்லாமல் போலீஸ் அனுமதி கிடைக்காது. விக்கிரவாண்டியில் சொந்த ஆம்புலன்ஸ் ஓட்டும் சின்னதுரை என்னிடம் படித்தவன், டீசல் மட்டும் போடுங்க சார், நான் பின்னாலயே வர்றேன் என்றான். கோப்பைக்குப் பதிலாகச் சான்றிதழ், அதையும் கையாலேயே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொரு பேர் ஓட்டினார்கள். புதுப் பனியன் கிடையாது, எல்லாரும் கம்பெனி முன்பு கொடுத்த பழையதையே போட்டு வந்ததால் எதுவும் தராத கம்பெனியின் பெயர் திண்டிவனம் வரைக்கும் இலவசமாகப் போய்ச் சேர்ந்தது.

பெண்களில் துர்கா இரண்டாவது. செஞ்சியிலிருந்து வந்த அம்சா ஒரு சக்கர அளவு முந்திவிட்டாள், மாநிலப் போட்டிக்கு அவள்தான் போகிறாள். நியாயமான வெற்றி. துர்கா அழவில்லை, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அடுத்த வருசமும் நடத்துவியா, அத மட்டும் சொல்லு என்றாள். நடத்துவேன் என்று சொல்லிவிட்டேன். யாரைப் போய்க் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை.

அபிராமேசுவரர் அருளால் இருவரும் நோய்நொடியின்றி இருங்கள். மறக்காமல் துர்காவுக்கு ஒரு போன் போடு. ஆறுதல் சொல்லாதே, கடைசி ஒரு கிலோமீட்டரை எப்படி ஓட்டினாள் என்று மட்டும் கேள்.

உன் அப்பா,
சுப்பராயலு