பிளெக்ஸ் போர்டில் ஏறாத ஆறு வரி

பிளெக்ஸ் அடிக்கிற கடைக்குள் நுழைந்தாலே ஒரு வாடை வரும். புது ரெக்சினில் மண்ணெண்ணெய் ஊற்றிய மாதிரி, தலையைப் பிடிக்கும். இன்று காலை அந்த வாடைக்குள் நின்றுதான் உன் முகத்தைப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. படத்துக்குக் கீழே ஒரு கவிதை வேண்டும் என்றார் கடைக்காரர். அவரிடமே தயாராக ஒன்று இருந்தது.

'நிலவாய் வந்தாய், நினைவாய் நின்றாய், கண்ணீர்க் கடலில் எங்களைத் தள்ளிச் சென்றாய்.'

போன மாதம் சைக்கிள் கடைக்காரர் செத்ததற்கும் இதே நிலவுதான், இதே கடல்தான். கோவில்பட்டியில் எவன் செத்தாலும் நிலவாகிவிடுகிறான். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

நாமும் அப்படித்தானே ஆரம்பித்தோம்? நான் மிளகாய் வற்றல் கமிஷன் கடையில், நீ பருத்திக் கடையில். தினமும் காலையில் விளாத்திகுளம் பஸ்ஸில் ஒன்றாக நின்றுகொண்டு போவோம். சுற்றி நாலு பக்கமும் கறுப்பு மண். நாம் எழுதியதோ பனிமலை, அருவி, அலைகடல். பனிமலையை நாம் பார்த்தது மளிகைக் கடைக் காலண்டரில்!

கவியரங்கத்தில் நாம் இரண்டு பேரும் வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? நல்ல கைதட்டல். நான் பூரித்துப்போய் வெளியே வந்தால் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்.

"என்னலே, அம்புட்டுப் பேரும் கைதட்டுதாங்க, ஒனக்கு என்ன கொள்ளை?" என்றேன்.

"முடிஞ்சுதேங்கிற சந்தோசத்துல தட்டுதாங்கலே. இன்னொருக்கா சொல்லுன்னு ஒருத்தனாவது கேட்டானா? அப்படிக் கேட்டாத்தாம்லே அது கவித."

அதற்கப்புறம்தான் அந்த விளையாட்டு. பஸ்ஸில் போகும்போது கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 'போல' வரக்கூடாது, 'மாதிரி' வரக்கூடாது. வரவிட்டவன் டீ வாங்க வேண்டும். (இந்த மடலின் தொடக்கத்திலேயே நான் ஒரு 'மாதிரி' போட்டுவிட்டேன். பார்த்திருப்பாய்.) அப்பாடா, என்ன பாடுபட்டோம்! வாயைத் திறந்தாலே 'போல' வந்து விழும். மானாவாரிக் காட்டில் குனிந்து பருத்தி எடுக்கிற பெண்களைக் கண்டதும் எனக்குக் கொக்கு ஞாபகம் வந்துவிடும்.

"கொக்க விடுலே. அந்த அக்கா மடியில என்ன கட்டியிருக்காவ, அதப் பாத்தியா?" என்பாய்.

பார்த்திருக்க மாட்டேன். கொக்கு மறைத்துவிட்டிருக்கும். அந்த ஆத்திரத்தில் மறுநாள் அந்த மடியையே பார்ப்பேன். கவிதை எழுத நாம் படித்த பாடம் அவ்வளவுதான். உனக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை, டீக்கடைக்காரருக்குத்தான் லாபம். எதைக் காட்டினாலும் "சரிதான்" என்போம், இன்னொரு தடவை வாசி என்று நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரு நாள் மத்தியானம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதோடு சரி. என்னைப் பாதி வழியில் விட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

உனக்காவது நிலவில்லாமல் எழுத வேண்டும் என்று ஒரு மாதமாக முட்டிக்கொண்டேன். நேற்று அதே பஸ்ஸில் வரும்போது வந்தது. ஆறே வரி.

ஜன்னலோரம் இடம் கிடைத்தால்
யாருக்காவது கொடுத்துவிட்டு
நின்றுகொண்டே வருவான்.
கரிசலில் மழை இறங்கினால் மட்டும்
எல்லாரையும் இடித்துக்கொண்டு
ஜன்னலுக்கு வருவான்.

இன்று காலை பிளெக்ஸ் கடையில் அதை, கூட வந்திருந்த உன் அண்ணாச்சியிடம் நீட்டினேன். படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"என்னப்பா, பஸ்ஸு, ஜன்னல்னு எழுதியிருக்க? கவித எங்க?"

"இதுதான் அண்ணாச்சி."

"நாலு பேரு நின்னு படிக்கிற போர்டுப்பா. அவிய போட்டு வச்சிருக்கதே நல்லா உருக்கமாத்தான இருக்கு."

எவ்வளவோ மல்லுக்கு நின்று பார்த்தேன். செத்தது அவருடைய தம்பி, அதற்கு மேல் நான் என்ன பேச? நிலவு ஏறிவிட்டது. நாளைக்கு பஸ் ஸ்டாண்டு முன்னால் நீயும் கண்ணீர்க் கடலுக்கு மேலே சிரித்துக்கொண்டு நிற்பாய்.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி காபி கொண்டுவந்தாள். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "இவன் நம்ம தம்பிக்கு பஸ்ஸப் பத்தி ஒரு பாட்டு எழுதியிருக்காம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவள் சிரிக்கவில்லை.

"வாசிங்க, கேப்போம்" என்றாள்.

வேண்டாவெறுப்பாக, தலையை நிமிர்த்தாமல் வாசித்தேன். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கண் என்மேல் இல்லை, தெரு ஜன்னல்மேல் இருந்தது.

"இன்னொருக்கா வாசிங்க அண்ணே" என்றாள்.

வாசித்தேன். பாவிப்பயலே, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தி கேட்டுவிட்டாள். நாளைக்குக் காலை பஸ்ஸில் நான் இதை யாரிடம் சொல்லுவேன்?