மண்ணடித்துறையில் கவிழ்த்த கலயங்கள்

நாரை இலச்சினை உடைய நீர்முகை நாட்டின் அரசி, கல்லணிக் கோட்டையிலிருந்து ஆளும் உமையாள் நங்கை, மண்ணடித்துறை ஊர்ச்சபைக்கும் அதன் தலைவர் வேம்படியாருக்கும் விடுக்கும் ஓலை. உம் ஏரி வற்றாதிருக்க. உம் வயல் பொய்யாதிருக்க. உம் சபையின் சொல் நேர்மையுடையதாக.

ஏரி நலமா, வயல் நலமா, பிள்ளைகள் நலமா என்று மூன்றும் கேட்ட பின்னரே செய்தி தொடங்குவது எம் முன்னோர் வழக்கம். நீவிரும் ஆண்டுதோறும் மூன்றுக்கும் நலம் என்றே விடை எழுதி வந்தீர். இம்முறை முதல் இரண்டை மட்டும் கேட்கிறோம். மூன்றாவதன் விடை எம் அரண்மனை மருத்துவச்சி நாகம்மையின் வீட்டில், முதுகில் மருந்திலை கட்டப்பட்டு, குப்புறப் படுத்திருக்கிறது.

அவள் பெயர் செவ்வந்தி. உம் ஊர் மதகுக் கண்காணி இரணியவேளின் இறந்துபோன தங்கையின் மகள். தாயை இழந்த நாள் முதல் அவன் வீட்டில் வளர்ந்தவள். வளர்ந்தவள் என்று எழுதவே எம் எழுத்தாணி தயங்குகிறது. அவள் முதுகிலும் கைகளிலும் உள்ள சூட்டுத் தழும்புகளில் சில பழையவை, சில புதியவை என்று நாகம்மை சொல்கிறார். பழையவை ஆறியதற்கும் புதியவை விழுந்ததற்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் உம் ஊரில் மக்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தனர்.

இது வெளிப்பட்டதில் உமக்குப் பங்கில்லை. ஏரிக்கரையைப் பார்வையிட வந்த எம் ஏரிநாயகம் கண்டன் எயினன் இரணியவேளின் வீட்டுக்குச் சென்றபோது, வாசற்படியில் மண் கலயங்கள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கக் கண்டார். அவர் மலைநாட்டார், உம் வழக்கம் அறியாதவர். தாகமாயிருந்ததால் ஒன்றை நிமிர்த்திக் கையில் எடுத்துத் தண்ணீர் கேட்டார். கதவோரம் நின்ற சிறுமி பதறிப்போய்ச் சொன்னதை, சாட்சிகளின் சொல்லைத் திருத்தாமல் எழுதும் எம் அவை முறைப்படி, அவள் வாய்மொழியிலேயே இங்குப் பொறிக்கிறோம்: "ஐயா, அத எடுக்காதீங்க. அது குடிக்கிற கலயம் இல்ல. மாமா என்னய அடிக்கறாருன்னு ஊர்க்காரங்க வெச்சது."

வேம்படியாரே, தவறு நடக்கும் வீட்டின் வாசலில் விடியுமுன் ஒரு கலயத்தைக் கவிழ்த்துவிட்டுப் போவது உம் ஊரின் பழைய வழக்கம் என்று அறிகிறோம். பெயர் சொல்ல வேண்டாம், சண்டை வேண்டாம். கலயத்தைக் கண்ட வீட்டுக்காரன் வெட்கித் திருந்துவான் என்பது அதன் கருத்து. நீர் திருடியவனுக்கும் எல்லைக்கல் நகர்த்தியவனுக்கும் அது போதுமானதாக இருந்திருக்கலாம். நீவிர் அதை ஒரு குழந்தையின் உடலுக்கும் போதுமென்று கருதினீர்.

எம் விசாரணையாளர் முன் உம் ஊரார் கூறியவற்றுள் மூன்றை மட்டும் தருகிறோம். அடுத்த வீட்டுச் செக்காளர் மாடலன் கூறியது: "மொதக் கலயம் என்னுதுங்க. அவன் மொறச்சா என் வயலுக்குத் தண்ணி வராது. அப்படியும் வெச்சேன். வேற எவன் வெச்சான் அன்னிக்கு? என் பங்கு முடிஞ்சுதுன்னு கெடந்தேன்." பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் கணக்காயர் கூறியது: "கையில சூடு இருந்துச்சு, பார்த்தேன். கேட்டா அடுப்புல பட்டுச்சுன்னா. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரியா படும்னு தோணிச்சு. ஆனா நிச்சயமாத் தெரியாம எப்படிங்க சபைக்குப் போறது? கலயம் வெச்சேன்."

மூன்றாவது, கூடை முடையும் பெருமாயி கூறியது. இதை யாம் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டோம். "வெட்கப்படுவானா அவன்? தேருக்கு முந்தி வெச்ச கலயத்தயெல்லாம் வாரி உள்ள வெச்சுக்கிட்டான். தேருக்கு அன்னிக்கு அதுலயே மோர் ஊத்தி ஊருக்கே குடுத்தான், தாயே. அவங்கவங்க கலயம் அவங்கவங்களுக்குத் தெரியாதா? 'அடி, உன் கலயம் என் கையில இருக்குடி'ன்னு பக்கத்துல நின்னவ சிரிச்சா. நானும் சிரிச்சேன். குடிச்சேன். மோரு நல்லாத்தான் இருந்துச்சு, பாவி." பெருமாயி ஒருவரே விசாரணையில் அழுதார். மற்றவர்கள் வழக்கப்படி நடந்ததாகவே கூறினர்.

சிறுமி கலயங்களை எண்ணியிருக்கிறாள். அடி விழும்போது கத்தமாட்டாயா என்று நாகம்மை கேட்டதற்கு அவள் சொன்னது இது: "மொதல்ல யாருக்கும் தெரியலன்னு நெனச்சுக் கத்தினேன். அப்புறம் கலயம் வந்துச்சு. எல்லாருக்கும் தெரியுதேன்னு நிறுத்திட்டேன்."

சபையீர், இதற்கு மேல் யாம் எழுத ஒன்றும் இருந்திருக்கக்கூடாது. ஆனால் உம்மிடமிருந்து விண்ணப்பம் வந்திருக்கிறது. இரணியவேள் சபையின் முன் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டான் என்றும், இனிக் கை ஓங்குவதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான் என்றும், நடவுக் காலத்தில் மதகை அறிந்தவன் வேறொருவன் இல்லை என்றும், ஒரு வீட்டுக்குள் நடப்பது அவ்வீட்டாருக்கே உரியது என்றும் கூறி, சிறுமியைத் திருப்பி அனுப்பும்படி கேட்டிருக்கிறீர். எழுத்து அழகாக இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. செவ்வந்தி என்ற பெயர் மட்டும் அதில் ஓரிடத்திலும் இல்லை.

அவளை அனுப்ப மாட்டோம். அவள் நாகம்மையின் வீட்டிலேயே வளர்வாள். இரணியவேள் எம் காவலில் இருப்பான். அவன் வழக்கு எம் அவையில் நடக்கும். மதகின் திறவுகோல் இனி ஒரு கையில் இராது. நீர்ப்பங்கு பெறும் குடிகள் முறை வைத்து அதைக் காப்பர். ஒருவன் கையில் ஊரின் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அவனுக்கு அஞ்சினோம் என்று சொல்வதற்கு இனி இடம் இல்லை.

இனிச் சட்டம். அரசேறி மூன்றாம் ஆண்டிலும் மாலைதோறும் நீதிநூல் பாடம் கேட்கும் யாம், இதைச் சுருக்கமாக எழுத முயன்று தோற்று, பல ஏடுகளை வீணாக்கினோம். அண்டை வீட்டாரை ஒற்றராக்குகிறோமோ என்று ஐயுற்றோம். பகை உள்ளவன் பொய்யாகச் சொன்னால் குற்றமற்ற தாய் தந்தையர் வருந்துவரே என்று ஐயுற்றோம். இந்த ஐயங்கள் இன்னும் தீரவில்லை. எனினும், எம் ஐயம் தீரும்வரை காத்திருக்கும் பொறுப்பைப் பிள்ளைகளின் மேல் சுமத்துவது முறையன்று என்ற ஒன்று மட்டும் தெளிவாயிற்று.

ஆகவே, இந்நாட்டில் வயது வந்த எவரும், ஒரு பிள்ளை வதைக்கப்படுவதையோ பட்டினி போடப்படுவதையோ கண்டாலும், கேட்டாலும், ஐயுற்றாலும், அன்று விளக்கேற்றுமுன் எம் நியாயத்தாரிடம் வாய்விட்டுச் சொல்லக் கடவர். நிச்சயம் வேண்டியதில்லை. நிச்சயம் தேடுவது நியாயத்தாரின் வேலை. சொல்வது உம் வேலை. கணக்காயரும் மருத்துவரும் பிறர் பார்க்காததைப் பார்ப்பவர் ஆதலால், அவர்க்கு இக்கடமை இருமடங்கு. சொன்னவர் பெயரை நியாயத்தார் வெளியிடலாகாது. நல்லெண்ணத்தோடு சொன்னது தவறாகிவிட்டால் சொன்னவருக்குத் தண்டம் இல்லை. அறிந்தே பொய் சொன்னவருக்கு உண்டு. அறிந்தும் வாய் மூடியிருந்தவர், அடித்தவனுக்கு அடுத்த இடத்தில் எம் அவையில் நிற்பார். சபையினர்க்கும் இதுவே. எம் உறவினர்க்கும் இதுவே. கலயம் வைத்தேன் என்பது எங்கும் விடையாக ஏற்கப்படாது.

சட்டம் இல்லாத நாளின் மௌனத்துக்குத் தண்டம் விதிக்க இயலாது என்று நீதிநூல் அறிந்தோர் கூறினர். அவர் கூறியது சரி. அது சரியாக இருப்பது எமக்குக் கசக்கிறது.

எனவே தண்டமின்றி ஒன்று மட்டும் ஆணையிடுகிறோம். இரணியவேளின் வீட்டிலிருந்து எடுத்த கலயங்கள் அனைத்தும் இவ்வோலையோடு வண்டியில் வருகின்றன. சபை மன்றத்தில் அவற்றைக் கவிழ்த்து அடுக்குக. வைத்தவர் ஒவ்வொருவரும் பகலில், ஊரார் பார்க்க வந்து, தம் கலயத்தைத் தம் கையால் நிமிர்த்தி, அதை வைத்த நாளில் தாம் என்ன அறிந்திருந்தார் என்று சொல்லி, வீட்டுக்கு எடுத்துச் செல்க. இருட்டில் வைத்ததை வெளிச்சத்தில் எடுப்பது கடினம் என்று அறிவோம். உரியவர் வராத கலயம் ஒன்றேனும் மிஞ்சினால், அது உடைக்கப்படலாகாது; சபைத் தலைவர் அமரும் இடத்துக்கு எதிரே, அவர் கண்ணில் படும்படி, என்றும் இருக்கக் கடவது. வேம்படியாரே, அவற்றுள் உம்முடையதும் ஒன்று என்று செக்காளர் மாடலன் கூறினார். முதலில் நீவிர் வருக.

இவ்வாறு எம் கையால் நாரை இலச்சினை இட்டோம். ஏடு முடியும் இடத்தில், தொடக்கத்தில் கேளாமல் நிறுத்திய மூன்றாவதைக் கேட்கிறோம். மண்ணடித்துறைச் சபையீர், பிள்ளைகள் நலமா? விடையை மன்றத்தில் அமர்ந்து எழுதாதீர். வாசல் வாசலாகச் சென்று, பிள்ளைகளின் பெயர் சொல்லி அழைத்து, அவர்களையே கேட்டு, பிறகு எழுதுக. இது ஆணை.